நிலைவாசலில் ஆடும் பெண்கள்

சிதம்பரம் கிழக்குக் கோபுரத்துப் பெண்களைப் பார்க்க வேண்டுமானால் விடிந்த கையோடு போய்விட வேண்டும். அந்த நேரத்தில்தான் வெயில் சன்னதித் தெரு வழியாக நேரே கோபுர வாசலுக்குள் நுழைந்து, இரண்டு பக்கச் சுவர்களையும் சாய்வாகத் தடவிக்கொண்டு போகும். கல்லில் இருக்கும் முழங்காலுக்கும் முழங்கைக்கும் நிழல் விழும். நிழல் விழுந்தால்தான் அவர்கள் ஆடுவது தெரியும். ஒன்பது மணிக்கு மேல் போனால் கூட்டமும் வந்துவிடும், வெளிச்சமும் மேலே ஏறிவிடும்.

தை பிறந்ததும் கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து, என்னிடம் பரதம் கற்கும் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மாடியில் இருபத்தைந்து வருஷமாக வகுப்பு நடத்துகிறேன். ஒரு பிள்ளை முதல் அடவுகளை முடித்து, அரைமண்டியில் நடுங்காமல் உட்காரத் தொடங்கியதும் அவளை இந்த வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவேன். சலங்கை கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை இது என்பது என் எண்ணம்.

சென்ற ஆண்டு வந்த பிள்ளைகளில் ஒருத்தி ஒரு சிற்பத்தின் முன்னால் நகராமல் நின்றுவிட்டாள். லலாடதிலகம் என்ற கரணம் அது. கால் கட்டைவிரலை நெற்றிவரை கொண்டுவந்து பொட்டு வைப்பதுபோல் வைக்க வேண்டும். கல்லில் இருக்கும் பெண் ஒரே காலில் நிற்கிறாள். தூக்கிய கால் உடம்பை ஒட்டி மேலேறி, தலையைத் தாண்டி வளைகிறது. இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கி அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. சிற்பி அவளுக்கு ஒதுக்கிய கட்டம் மிகச் சிறியது, ஆனாலும் அவள் அதற்குள் அடைபட்டவளாகத் தெரியவில்லை. முழங்கை ஒரு ஓரத்தைத் தொடுகிறது, பாதம் மேல் ஓரத்தைத் தொடுகிறது. கட்டத்தை முதலில் வெட்டிவிட்டு அவளை உள்ளே வைத்ததுபோல் இல்லை. அவள் கையும் காலும் போய்த் தொட்ட இடத்தில்தான் கட்டமே முடிகிறது.

“மிஸ், இந்த அக்கா எப்படி மிஸ் கீழே விழாம நிக்கிறாங்க?” என்றாள் அந்தப் பிள்ளை.

“அவங்க நிக்கலம்மா. போயிக்கிட்டு இருக்காங்க. நடுவுல ஒரு நொடியை மட்டும் சிற்பி பிடிச்சு வெச்சிருக்காரு” என்றேன்.

அந்தப் பதில் எனக்குக் கிடைக்க வெகு காலம் ஆயிற்று. உடம்புக்கும் வெளிக்கும் என்ன உறவு என்று இன்றைய கலை உலகம் கேட்கும் கேள்வியை, சிதம்பரத்தில் பிறந்து கடலூரில் வாழ்க்கைப்பட்ட நான் இந்த வாசலில் நின்றுதான் புரிந்துகொண்டேன்.

*

கரணம் என்ற சொல் நமக்கு அந்நியம் அல்ல. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறோம், குழந்தை குட்டிக்கரணம் அடிக்கிறது, கழைக்கூத்தாடியைப் பார்த்துக் கரணம் தப்பினால் மரணம் என்கிறோம். நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் 108 கரணங்களைச் சொல்கிறது. கையும் காலும் உடம்பும் ஒன்றாகச் சேர்ந்து இயங்குவது கரணம். தலபுஷ்பபுடத்தில் தொடங்கி கங்காவதரணத்தில் முடியும் பட்டியல் அது.

இந்த 108-ஐயும் கல்லில் செதுக்கும் ஆசை சோழர்களுக்கு முதலில் வந்தது. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் சுற்றில் 81 கரணங்கள் முடிந்திருக்கின்றன. மிச்சம் 27 கற்கள் செதுக்காமல் வெறுமையாக நிற்கின்றன. அங்கே ஆடுபவன் சிவன், நான்கு கைகளோடு. அதே கோவிலின் கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. ராஜராஜன் பல ஊர்க் கோவில்களிலிருந்து கோவிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்கு வரவழைத்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும்படியான ஒரு பங்கும் கொடுத்தான். அவர்கள் பெயரும், வந்த ஊரும், குடியிருந்த வீட்டின் இடமும் கல்லில் இருக்கின்றன. பெயர் சுவரில் இருக்கிறது, கரணச் சிற்பங்களில் அவர்கள் உருவம் இல்லை. மேலே விமானத்தில் ஆடுவது கடவுள் மட்டும்.

சிதம்பரத்தில் இது மாறுகிறது. இங்கே கரணங்கள் கோபுர வாசல்களுக்குள், போகிறவர் வருகிறவர் தோளுரசும் சுவர்களில் இருக்கின்றன. ஆடுபவர்கள் இரண்டு கையுள்ள பெண்கள். பக்கத்தில் சின்ன உருவமாக மத்தளக்காரரும் தாளக்காரரும் நிற்கிறார்கள். கிழக்குக் கோபுரத்தில் சிற்பங்களோடு நாட்டிய சாஸ்திர வரிகளையும் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள், அதனால் எது எந்தக் கரணம் என்று அடையாளம் காண முடிந்தது. இந்தச் சிற்பங்களின் படங்களை வைத்துத்தான் 1936-இல் தாண்டவ லக்ஷணம் என்ற நூலை நாராயணசாமி நாயுடுவும் அவரோடு இருவரும் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஆடுபவர்களும் ஆராய்பவர்களும் இந்த வாசலுக்குப் படையெடுத்தார்கள்.

வெகு காலம் கரணம் என்றால் ஒரு நிலை, ஒரு போஸ் என்றே எண்ணியிருந்தோம். நானும் சிறுவயதில் அப்படித்தான் கற்றேன்: சிற்பத்தைப் பார், அதேபோல் நில். அது அப்படியல்ல, கரணம் ஒரு அசைவு, சிற்பம் அந்த அசைவின் நடுவே ஒரு கணம் மட்டுமே என்று நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஆராய்ந்து, ஆடியும் காட்டினார். சிலையைப் பார்த்து அந்த நிலைக்கு எப்படி வந்திருப்பாள், அதிலிருந்து எங்கே போவாள் என்று முன்னும் பின்னும் யோசித்தால்தான் கரணம் கிடைக்கும். அந்த முன்னும் பின்னும் சிற்பியால் செதுக்க முடியாதவை. பார்க்கிறவர் தம் உடம்பால் நிரப்பிக்கொள்ள வேண்டியவை. கோபுர வாசலில் என் பிள்ளைகள் தம்மை அறியாமல் தோளைச் சாய்த்தும் குதிகாலை உயர்த்தியும் பார்ப்பது அதனால்தான்.

*

கிழக்குக் கோபுரத்தை எழுப்பியவன் 13-ஆம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன். தில்லைக் காளி கோவிலைக் கட்டியதும் அவனே என்று சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

தில்லைக் கதை எல்லோருக்கும் தெரியும். சிவனுக்கும் காளிக்கும் ஆட்டப் போட்டி. ஈடுக்கு ஈடாக ஆடிக்கொண்டே வந்த காளி, சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடியதும் நின்றுவிட்டாள். பெண் எப்படிச் சபையில் காலைத் தூக்குவது? தோற்றாள், ஊரின் எல்லைக்குப் போய் அமர்ந்தாள். சிவன் ஆடிய இடமாக இன்றும் நிருத்த சபையைக் காட்டுகிறார்கள். காளி கோவில் ஊருக்கு வடக்கே ஒதுங்கி இருக்கிறது. சின்ன வயதில் என் பாட்டி இந்தக் கதையை அடக்கத்துக்குப் பாடமாகச் சொல்வார்.

ஆனால் கோபுர வாசலில் அந்தப் பெண் காலைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். காளியால் ஆகாது என்று கதை சொன்ன அதே ஊரில், கோவிலுக்குள் போகிற ஒவ்வொருவரும் கடந்தே ஆக வேண்டிய வாசலில், எழுநூறு ஆண்டுக்கு மேலாக அவள் அதைச் செய்துகொண்டிருக்கிறாள். முகத்தில் வெட்கமும் இல்லை, போட்டியும் இல்லை. தன் எடையைத் தானே சரியாக ஏந்திக்கொள்ளும் ஒருத்தியின் அமைதி மட்டும் இருக்கிறது. கதை எழுதியவர் எதை நினைத்தாரோ, கல்லில் வேலை செய்தவர் ஆடும் பெண்களைக் கண்ணால் பார்த்தவர். அவர் பார்த்ததைச் செதுக்கியிருக்கிறார்.

*

வாசலைத் தாண்டி உள்ளே போவோம். சிற்றம்பலம், பொன்னம்பலம், பேரம்பலம், மன்று, பொது என்று இந்த இடத்துக்குத் தமிழில் எத்தனை பெயர்! அம்பலம் என்றால் நாலுபேர் கூடும் திறந்த இடம். ஒரு ரகசியம் வெளியே தெரிந்துவிட்டால் அம்பலமாகிவிட்டது என்கிறோம். ஐந்து பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம், அதாவது வெளி. வெளி என்ற சொல்லுக்கு நம் மொழியில் மூன்று பொருளும் ஒன்றாக நிற்கின்றன: ஆகாயம், திறந்த நிலம், உள்ளே அல்லாத புறம். திரை விலக்கிக் காட்டும் சிதம்பர ரகசியத்தில் உருவம் ஏதும் இல்லை. தொங்கும் பொன் வில்வ மாலை, அதற்குப் பின்னால் வெறும் இடம்.

அந்த வெறும் இடத்தைச் சுற்றி எழுப்பிய கூடமோ உடம்பாகவே கட்டப்பட்டது. சிற்சபையின் கூரையில் வேய்ந்த பொன் ஓடுகள் 21,600, ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்பார்கள். அவற்றை அடித்த ஆணிகள் 72,000, உடம்பில் ஓடும் நாடிகள். மேலே ஒன்பது கலசங்கள் நவசக்திகளுக்கு, உடம்பின் ஒன்பது வாசல்களையும் அவற்றோடு சேர்த்துச் சொல்வதுண்டு. ஏறும் படிகள் ஐந்து, ஐந்தெழுத்து. கர்ப்பக்கிருகம் கோவிலின் நட்டநடுவில் இல்லாமல் இடப்புறம் ஒதுங்கியிருப்பது இதயம் இடப்புறம் இருப்பதால் என்றும் விளக்குவார்கள். எண்ணிப் பார்த்தவர் யார் என்று நான் கேட்டதில்லை. எனக்கு முக்கியம் அந்தக் கற்பனை. ஒரு கட்டடத்துக்குள் நுழைகிறவர் தம் மூச்சுக்குக் கீழேயே போய் நிற்கிறார். விரல், சாண், முழம், மார் என்று உடம்பை வைத்தே உலகத்தை அளந்த மக்களுக்கு, வெளியை அளக்கவும் உடம்புதான் கிடைத்திருக்கிறது.

ஆனால் எல்லா உடம்பையும் அந்தப் பொதுவிடம் ஏற்கவில்லை. நந்தனார் ஆதனூரிலிருந்து இந்த ஊர் எல்லைவரை வந்து, உள்ளே போக முடியாமல் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்று சேக்கிழார் எழுதினார். தீயில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே போனார். பிறந்த உடம்போடு அவர் வாசலைக் கடக்கவில்லை, அந்த உடம்பை எரித்துத்தான் கடந்தார். உடம்பும் வெளியும் என்று பேசும்போது தமிழ்நாட்டில் நாம் முதலில் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இது. அந்த நந்தனார் பெயரிலேயே 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். வாசலில் நிறுத்தப்பட்டவரின் பெயரை வாசல் திறக்கும் பள்ளிக்கு வைத்தது சின்ன காரியம் அல்ல.

பிறகு 1947 வந்தது. அந்த ஒரே ஆண்டில் சென்னை மாகாணம் இரண்டு சட்டம் போட்டது. ஆலயப் பிரவேசச் சட்டம், நூற்றாண்டுகளாக வெளியே நிறுத்தப்பட்ட உடம்புகளுக்குக் கோவில் கதவைத் திறந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம், பெண்களைப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தி, கோவிலில் அவர்கள் ஆடுவதையும் நிறுத்தியது. முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டு போராடிப் பெற்ற சட்டம் அது. பல பெண்களை ஒரு பெருங்கொடுமையிலிருந்து மீட்டது. அதே சமயம், கோபுரச் சுவரில் இருந்த பெண்கள் மட்டும் ஆட்டத்தைத் தொடர, உள்ளே இருந்த உயிருள்ள பெண்களின் கால் ஓசை நின்றுபோனது. எனக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்த அம்மா இசைவேளாளர் குடும்பம். அவருடைய பெரியம்மா கடைசியாகக் கோவிலில் ஆடிய நாளை அவர் ஒருமுறைகூட வருத்தமில்லாமல் சொன்னதில்லை. அந்தச் சட்டம் வேண்டும் என்றும் சொல்வார். இரண்டும் அவர் மனதில் ஒன்றாக இருந்தன, என் மனதிலும் அப்படியே இருக்கின்றன.

*

சட்டம் வருவதற்கு முன்பே ஆட்டம் இடம் மாறத் தொடங்கியிருந்தது. பரதத்தின் பழைய வடிவமான சதிர் ஆடியபோது நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுபவளுக்குப் பின்னால் நின்றபடியே வாசிப்பார்கள். அவள் நாலடி முன்னே வந்தால் அவர்களும் வருவார்கள், பின்னே போனால் அவர்களும் போவார்கள். மண்டபத்திலோ கல்யாணப் பந்தலிலோ ஆட்டக்காரியும் பாட்டும் ஒரே கூட்டமாக நகர்ந்த காலம் அது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். பாட்டுக்காரர்களை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார். நடுமேடை ஆடுபவளுக்கு மட்டும் ஆனது. பார்ப்பவர்கள் எதிரே வரிசையாக இருட்டில் அமர்ந்தார்கள். மேடையில் ஒரு நடராஜர் சிலையும் வந்தது. ஆடும் பெண்களைச் சபையிலிருந்து வெளியே கொண்டுவந்த காலத்திலேயே, சபாபதியும் அவர்கள் பின்னால் மேடைக்கு வந்துவிட்டார்.

கோவிலுக்குள் ஆட்டம் மறுபடி வந்தது 1981-இல். மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி தொடங்கியது. நாடெங்கும் இருந்து ஆடுபவர்கள் வந்து, கட்டணம் ஏதும் வாங்காமல், நடராஜருக்குக் காணிக்கையாக ஆடினார்கள். 1985-இல், பதினோரு வயதில், நானும் ஒரு குழுவோடு ஆடினேன்.

எங்கள் வகுப்பு நடந்தது என் ஆசிரியை வீட்டுக் கூடத்தில், சிவப்புக் காவித் தரை. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஏழு அடவு வைத்தால் போய்விடும், எட்டாவது அடவில் திரும்ப வேண்டும். கோவில் மேடையில் அன்று இரவு என் முறை வந்தது. தலைக்கு மேல் கூரை இல்லை. கோபுரத்தின் நிலைகளில் விளக்கு எரிந்தது. பாதத்துக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. எண்ணி ஏழு அடவு வைத்தேன், திரும்பினேன், மறுபடி ஏழு. ஆடி முடித்து இறங்கியதும் என் ஆசிரியை என் தலையைத் தடவிச் சொன்னார்: “நல்லாத்தான் ஆடினே கண்ணு. ஆனா நீ இன்னும் நம்ம கூடத்துலயேதான் ஆடிக்கிட்டு இருந்தே.”

அன்று அந்தச் சொல் வலித்தது. இன்று அதைவிடப் பெரிய பாடம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். நாம் வளர்ந்த அறையின் அளவு நம் எலும்பில் ஏறிவிடுகிறது. சுவர் இல்லாத இடத்திலும் சுவரைக் கண்டு திரும்புகிறோம். பெண்களுக்கு இது இன்னும் அதிகம். பஸ்ஸில் தோளைக் குறுக்கி உட்காரவும், தெருவில் கையை வீசாமல் நடக்கவும் பழகிய உடம்பு, மேடை ஏறியதும் ஒரே நாளில் விரிந்துவிடாது. அதை விரிக்கக் கற்றுக்கொடுப்பதே என் வேலை.

*

நடராஜர் உலகத்தின் சிற்பிகளையும் நிறுத்திவைத்தவர். சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுச் சிற்பி ரோடான் 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1921-இல் அது அச்சில் வந்தது. மனித உடம்பைத் தசை தசையாக அறிந்த அந்தக் கிழவர், நேரில் பார்க்காத ஒரு செப்புத் திருமேனியின் கையையும் இடுப்பையும் தோளையும் ஒவ்வொன்றாக வருணித்திருக்கிறார். நாலு கையும் ஒரு காலும் நீண்டு, சுற்றியுள்ள வெளியையே இழுத்துப் பிடித்திருப்பதைப் பார்க்கும் எந்தச் சிற்பிக்கும் அப்படி வருணிக்கும் ஆசை வரும்.

ஆடுபவர்களில் இந்தக் கேள்வியை முற்றாகக் கையில் எடுத்தவர் சந்திரலேகா. 1928-இல் பிறந்தவர். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்று, பல ஆண்டு மேடையிலிருந்து விலகி இருந்து, 1985-இல் ‘அங்கிகா’ என்ற படைப்போடு திரும்பி வந்தார். நகை இல்லை, நாயகன் நாயகி இல்லை, தெய்வக் கதை இல்லை. பரதமும் யோகமும் களரிப்பயிற்றும் ஒரே உடம்பில் எங்கே சந்திக்கின்றன என்பது மட்டும் இருந்தது. அரைமண்டியை நாட்டியத்தில் மண்டலம் என்றும் சொல்வோம். விரிந்த முழங்காலும் நிமிர்ந்த முதுகும் சேர்ந்து உடம்பைச் சுற்றி ஒரு வட்டத்தை வரைகின்றன. அந்த வட்டமே அவருக்குப் போதுமாக இருந்தது.

அவருடைய கடைசிப் பெரிய படைப்பு ‘சரீரா’, 2001. பெசன்ட் நகரில் அவர் வீட்டை ஒட்டிய சிறிய அரங்கில் அதைப் பார்த்தேன். ஒரு பெண், ஓர் ஆண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை. அந்தப் பெண் தரையில் இருந்தபடி ஒரு காலை நீட்டி மடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்கள் வகுப்பில் ஒரு அலாரிப்பே முடிந்துவிடும். முதலில் எனக்குப் பொறுமை இல்லை. சிறிது நேரத்தில் என் மூச்சு அவள் மூச்சோடு சேர்ந்துகொண்டது. அவள் முழங்காலுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த முக்கோணம் ஒரு மண்டபம்போல் பெரிதாகத் தெரிந்தது. காலை விரித்த பெண் வெட்கப்பட வேண்டியவள் அல்ல, சக்தி அங்கிருந்துதான் எழுகிறது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அந்த ஆட்டம் சொன்னது. ஊர் எல்லைக்கு அனுப்பிய காளி திரும்பி வந்து அமர்ந்ததுபோல் எனக்கு இருந்தது. பஸ்ஸில் கடலூர் திரும்பும்வரை யாரிடமும் பேசவில்லை.

1971-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் திரிஷா பிரவுன் தம் குழுவினரைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுவரில் பக்கவாட்டாக நடக்க வைத்தார். தரை என்று ஒன்றைத் தவிர மற்ற இடமெல்லாம் ஆட்டத்துக்கு ஆகாதா என்பது அவர் கேட்ட கேள்வி. சந்திரலேகா குழுவில் பத்தாண்டு ஆடிய சென்னை நடனக் கலைஞர் பத்மினி சேத்தூர் 2012-இல் ‘வால் டான்சிங்’ என்ற படைப்பைக் கொண்டுவந்தார். ஆடுபவர்கள் சுவரை ஒட்டி, சுவரோடு பேசுவதுபோல், மணிக்கணக்கில் மெல்ல நகர்வார்கள். பார்ப்பவர்களுக்கு நாற்காலி வரிசை கிடையாது, நடந்தபடி, அருகே போய், விலகிப் பார்க்கலாம்.

அதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நான் நினைத்தது எங்கள் கிழக்குக் கோபுரத்தை. சுவரில் ஆடும் பெண்கள், நடந்து கடக்கும் பார்வையாளர், தோளுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. புதிய கலை பழையதிலிருந்து எடுத்தது என்று உரிமை கொண்டாட நான் இதைச் சொல்லவில்லை. ஒரே கேள்வி வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு உடம்புகளுக்கு வந்திருக்கிறது. கோபுரத்துப் பெண்கள் எங்கள் ஊர்க்காரர்கள், அவர்கள் பதிலைப் படிக்க எங்களுக்குப் பஸ் டிக்கெட் மட்டும் போதும். அதைப் படிக்காமல் பிள்ளைகளை மேடை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

*

கடலூரில் வெளியை வேறு விதமாக அளந்த கதையும் உண்டு. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேரும் நிலம் எதுவரை? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை. நாலாப் பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. அங்கே உழுதவரும் நெய்தவரும் கணக்கில் வரவில்லை. முழத்தால் அளப்பதற்கும் குண்டால் அளப்பதற்கும் உள்ள தூரத்தை அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

அதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் போனால் வடலூர். மருதூரில் 1823-இல் பிறந்த, வள்ளலார் என்று நாம் அழைக்கும் ராமலிங்கரைக் கைக்குழந்தையாகச் சிதம்பரத்துக்குத் தூக்கிப் போனபோது, திரை விலகியதும் அவர் சிரித்தார் என்பார்கள். வளர்ந்து பெரியவரான பிறகு அந்தத் திரையையும் அந்த வெளியையும் எல்லோருக்கும் பொதுவாக இன்னொரு இடத்தில் கட்டினார். உத்தர ஞான சிதம்பரம் என்று அதற்குப் பெயர். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எண்கோணமாக எழுந்த சத்திய ஞான சபையில் 1872 ஜனவரி 25-ஆம் தேதி தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம் நடந்தது. உள்ளே சிலை இல்லை. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெண்மை, கலப்பு என ஏழு திரைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, ஒரு தீபம். அந்தச் சபை மனித உடம்புதான், தீபம் அதற்குள் இருக்கும் உயிர்தான் என்று சன்மார்க்கத்தார் விளக்குவார்கள். அங்கே சாதி கேட்பதில்லை, கொலையும் புலாலும் தவிர்த்தவரா என்று மட்டும் கேட்கிறார்கள்.

சபையைச் சுற்றி இருக்கும் நிலத்துக்குப் பெருவெளி என்று பெயர். எங்கிருந்து பார்த்தாலும் ஜோதி தெரிய வேண்டும் என்பதற்காகத் திறந்தே கிடந்த நிலம். 2024-இல் அங்கே வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு வேலை தொடங்கியபோது, வேறு இடத்தில் கட்டுங்கள், வெளியை வெளியாக விடுங்கள் என்று நிலம் கொடுத்த மக்களின் வழிவந்தவர்களும் அன்பர்களும் திரண்டார்கள். சிதம்பரத்தில் 2008 மார்ச்சில் ஓதுவார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடியதும், 2022 மே மாதம் பக்தர்கள் பொன்னம்பலமான கனகசபை மீது ஏறி வழிபட அரசு ஆணை போட்டதும் இதே வரிசையில் வருபவைதாம். யார் எங்கே நிற்கலாம் என்பதை எங்கள் மாவட்டம் இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. பேசுவது நல்லது. அம்பலம் என்று பெயர் வைத்துவிட்ட இடம், அந்தப் பெயருக்குத் தக்கபடி ஆகும்வரை பேசத்தான் வேண்டும்.

சென்ற தைப்பூசத்துக்குப் பிள்ளைகளோடு வடலூர் போயிருந்தேன். காலை ஆறு மணி தரிசனம். பனியில் பெருவெளி நிறைய ஜனம், நகர இடமில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு கிழவி, குச்சி ஊன்றி, முன்னால் இருக்கும் முதுகுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் திரை விலகிய நேரம், லலாடதிலகத்தின் முன்னால் நின்ற அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தாள். தோளைச் சாய்த்து, எடையை ஒரு காலுக்கு மாற்றி, அரையடி ஒதுங்கினாள். அவளைப் பார்த்து அவளுக்கு முன்னால் நின்றவர் ஒதுங்கினார், அவருக்கு முன்னால் இருந்தவரும். கிழவிக்கும் சபைக்கும் நடுவே ஒரு கோடுபோல வழி திறந்தது.

“தெரியுதா பாட்டி?” என்றாள் பிள்ளை.

“தெரியுது தாயி, தெரியுது” என்று கிழவி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். குச்சி கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.